சரத்திலிருந்து வேண்டாத எழுத்துகளை நீக்கினால் புள்ளியும் கொம்பும் சேர்ந்து போய்விடுகின்றன

புள்ளிமான்

வணக்கம். பைத்தான் கற்க ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆகிறது. ஒரு நூற்பட்டியலைத் தேடக்கூடியதாக மாற்றும் வேலை கையில் இருக்கிறது. தலைப்புகள் மூன்று வழியாக வந்தவை: ஒரு எக்செல் கோப்பு, பல வலைப்பக்கங்களில் வெட்டி ஒட்டியவை, பழைய தரவுதளம் ஒன்றிலிருந்து எடுத்த சிஎஸ்வி. எல்லாவற்றிலும் மேற்கோள்குறி, அடைப்புக்குறி, காற்புள்ளி, தேவையில்லாத இடைவெளி என்று நிறைய சேர்ந்திருக்கிறது. ஒரே நூல் இரண்டு மூன்று தடவை வருகிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறது, ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது.

சரத்தில் (எழுத்துகளின் தொடரில்) வடிவத்தைக் கொடுத்துத் தேட உதவும் ரெஜெக்ஸ் கோவைகளில், இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் ஒன்றைப் போட்டேன். ‘சொல்லெழுத்தாகவோ இடைவெளியாகவோ இல்லாத எதையும் நீக்கு’ என்பதுதான் அது. சதுர அடைப்புக்குள் ^ குறி, பிறகு பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பேக்ஸ்லாஷ் எஸ். ஆங்கிலத் தலைப்புகள் சுத்தமாக வந்தன. தமிழ்த் தலைப்புகள் உடைந்துவிட்டன. ‘கண்ணீர்’ என்பது ‘கணணர’ ஆகிவிட்டது, ‘நன்றி’ என்பது ‘நனற’. இதைவிட மோசம், ‘படம்’, ‘பாடம்’, ‘பீடம்’ மூன்றும் ‘படம’ என்று ஒன்றாகிவிட்டன. வெவ்வேறு நூல்களை ஒரே நூல் என்று நினைத்து என் நிரல் சேர்த்துவைத்திருக்கிறது.

நான் நீக்கச் சொன்னது நிறுத்தற்குறிகளை மட்டும். புள்ளியும் கொம்பும் ஏன் போயின?

---

தரவுத்தச்சன்

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதியின் வரையறையே அப்படி. அது ‘சொல்லெழுத்து’ என்று எடுத்துக்கொள்வது எழுத்து, எண், அடிக்கோடு இவற்றைத்தான். யூனிகோட் தரநிலை எல்லா மொழி எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தருகிறது, அதுதான் குறியெண். ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு வகை உண்டு. க, ங, ச போன்ற அகரமேறிய மெய்யும் அ, ஆ போன்ற உயிரும் ஆய்தமும் ‘எழுத்து’ வகை. ஆனால் புள்ளி, கால், கொம்பு, விசிறி எல்லாம் ‘சேர்குறி’ வகை. ‘மி’ என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது ‘ம’ என்ற எழுத்தும் ‘ி’ என்ற சேர்குறியும். அந்தத் தொகுதி சேர்குறியைச் சொல்லெழுத்தாகக் கருதுவதில்லை. அதனால் நிறுத்தற்குறியோடு சேர்த்து அதையும் நீக்கிவிடுகிறது.

தமிழுக்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். இந்தி, மலையாளம், வங்காளம் என்று சேர்குறி உள்ள எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் இதே கதைதான். இந்தக் குறை பைத்தானின் வழுப் பட்டியலில் பல வருடங்களுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது.

இரண்டு வழி உண்டு. முதலாவது, ‘ரெஜெக்ஸ்’ என்ற பெயரிலேயே தனியாக நிறுவிக்கொள்ளும் தொகுதி. அதில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ சேர்குறியையும் உள்ளடக்கும். நீங்கள் எழுதிய அதே கோவை அங்கே சரியாக வேலை செய்யும். இரண்டாவது, எதையும் நிறுவாமல் பைத்தானோடு வரும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ஒவ்வொரு குறியெண்ணின் வகையையும் கேட்டு, வேண்டியதை வைத்துக்கொள்வது. நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

---

வெண்பலகை

இவ்வளவு சுற்ற வேண்டுமா? தமிழ் யூனிகோட் தொகுதி 2944 முதல் 3071 வரை, 128 இடம். அந்த எல்லையையும் ஆங்கில எழுத்து, எண், இடைவெளியையும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். நான் பல கோப்புகளில் இப்படித்தான் செய்கிறேன்.

---

தரவுத்தச்சன்

@வெண்பலகை உங்கள் கோப்புகளில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் இருந்தால் அது போதும், மறுக்கவில்லை. நூற்பட்டியல் என்றால் பிரெஞ்சு, ஜெர்மன் தலைப்புகள் வரலாம், தேவநாகரியில் ஒரு சொல் வரலாம். அவை சத்தமில்லாமல் காணாமல் போகும். அதோடு அந்த 128 இடத்துக்குள் ௹ போன்ற குறியீடுகளும் இருக்கின்றன, தமிழ்ப் பின்னங்களுக்காக 2019இல் வந்த கூடுதல் தொகுதி இதற்கு வெளியே இருக்கிறது. எல்லை எண்ணை வைத்துப் பிரிப்பதைவிட வகையை வைத்துப் பிரிப்பது பிற்பாடு குறைவான தலைவலி தரும்.

---

பைட்_பார்வை

புள்ளிமான், ஒரு விஷயத்தை முதலில் செய்யுங்கள். நீக்கும் வேலையை இன்றைக்கு நிறுத்திவையுங்கள். உங்கள் தரவில் என்னென்ன எழுத்துகள் இருக்கின்றன என்று ஒரு கணக்கு எடுங்கள். எல்லாத் தலைப்புகளையும் ஒரே சரமாகச் சேர்த்து, ஒவ்வொரு குறியெண்ணும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அதன் யூனிகோட் பெயர், வகை, எண்ணிக்கை மூன்றையும் அட்டவணையாக அச்சிடுங்கள். பைத்தானில் ‘கவுண்டர்’ இருக்கிறது, பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேண்டாத எழுத்து என்று நாம் நினைப்பது கண்ணுக்குத் தெரிவதை. ஒப்பிடும்போது சமமில்லை என்று சொல்லவைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. நான் அடிக்கடி பார்ப்பவை இவை.

160 என்ற குறியெண், உடையா இடைவெளி. வலைப்பக்கத்தில் வெட்டி ஒட்டினால் இது கூடவே வரும். சாதாரண இடைவெளி 32. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. மிகுதி இடைவெளியை நீக்கவென்று எக்செலில் உள்ள டிரிம் 32ஐ மட்டும்தான் நீக்கும், 160ஐத் தொடாது. ஜாவாவின் பழைய டிரிம் 32ம் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் நீக்கும். ஜாவா 11இல் வந்த ஸ்ட்ரிப் யூனிகோட் இடைவெளிகளைப் பார்க்கும் என்கிறார்களே என்று நம்பி அதற்கு மாறினால், அதுவும் 160ஐ விட்டுவிடும். ஏனென்றால் உடையா இடைவெளியை ஜாவா வெற்றிடமாகக் கணக்கில் எடுப்பதில்லை. பைத்தானின் ஸ்ட்ரிப்பும் ஜாவாஸ்கிரிப்டின் டிரிம்மும் 160ஐ நீக்கும். ஒரே பெயர், ஒரே நோக்கம், மொழிக்கு மொழி வேறு நடத்தை.

8203, சுழிய அகல இடைவெளி. பெயரில் இடைவெளி என்று இருந்தாலும் யூனிகோடில் அது இடைவெளி வகையில் சேராது. மேலே சொன்ன எந்தச் செயற்கூறும் அதை நீக்காது.

65279, கோப்பின் தொடக்கத்தில் வரும் பைட் வரிசைக் குறி. சிஎஸ்வியின் முதல் நெடுவரிசைப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘தலைப்பு’ என்ற நெடுவரிசையே இல்லை என்று நிரல் பிழை சொல்லும், நீங்கள் கோப்பைத் திறந்தால் அது கண்முன்னே இருக்கும். பைத்தானில் இதை நீக்க எந்த ரெஜெக்ஸும் வேண்டாம், கோப்பைத் திறக்கும்போதே குறிமுறையை (எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் முறையை) யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போதும்.

173, மென்கோடு. வரி முறியும் இடத்தில் மட்டும் தெரியும், மற்ற நேரம் ஒளிந்திருக்கும்.

இவற்றைப் பார்க்க எளிய வழி, சரத்தை நேரடியாக அச்சிடாமல் பைத்தானின் ‘ஆஸ்கி’ செயற்கூறு வழியாக அச்சிடுவது. எல்லாம் எண்ணாகத் தெரியும்.

---

கோடைக்காற்று

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இது எனக்கும் தொடர்பான பிரச்சினை. நான் ரீப்ளேஸ் போட்டுக் காற்புள்ளியை நீக்கினேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் சரம் மாறவே இல்லை. பைத்தான்தான்.

---

தரவுத்தச்சன்

@கோடைக்காற்று திரும்பி வரும் மதிப்பை எதிலும் வாங்கிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் சரத்தை இருந்த இடத்தில் மாற்ற முடியாது. ரீப்ளேஸ் புதிய சரம் ஒன்றைச் செய்து தரும். அதை அதே மாறியில் மறுபடி இட வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டுக்குப் போனால் இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே ரீப்ளேஸுக்கு வெறும் சரத்தைக் கொடுத்தால் முதலில் வருவதை மட்டும் மாற்றும். எல்லாவற்றையும் மாற்ற ரீப்ளேஸ்ஆல், அது 2021 தரநிலையில் வந்தது. ஜாவாவில் இதற்கு நேர்மாறு: ரீப்ளேஸ் எல்லா இடத்திலும் மாற்றும், ரீப்ளேஸ்ஆல் தன் முதல் உள்ளீட்டை ரெஜெக்ஸாக எடுத்துக்கொள்ளும். அங்கே ஒரு முற்றுப்புள்ளியை நீக்க ரீப்ளேஸ்ஆல் போட்டால் முழுச் சரமும் காலியாகிவிடும், ரெஜெக்ஸில் முற்றுப்புள்ளிக்கு ‘எந்த எழுத்தும்’ என்று பொருள்.

---

கோடைக்காற்று

அதேதான். வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது சரியாகிவிட்டது, நன்றி.

அப்படியே இன்னொன்று. முன்னொட்டை நீக்க எல்ஸ்ட்ரிப் பயன்படுத்துகிறேன். ‘2019-1290-45’ என்ற குறியீட்டில் ‘2019-’ஐ நீக்கச் சொன்னால் ‘45’ மட்டும் மிஞ்சுகிறது. ‘1290-45’ வரவேண்டும்.

---

பைட்_பார்வை

ஸ்ட்ரிப் வகைச் செயற்கூறுகள் நீங்கள் கொடுக்கும் ‘2019-’ஐ ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. 2, 0, 1, 9, - என்ற ஐந்து எழுத்துகளின் கூட்டமாகப் பார்க்கின்றன. இடப்பக்கத்திலிருந்து அந்தக் கூட்டத்தில் உள்ள எந்த எழுத்து வந்தாலும் நீக்கிக்கொண்டே போகும். 1290-இல் உள்ள எல்லாமே அந்தக் கூட்டத்தில் இருக்கிறது, 4 வந்தபோதுதான் நின்றது.

பைத்தான் 3.9இல் முன்னொட்டை நீக்க ரிமூவ்பிரீஃபிக்ஸ், பின்னொட்டை நீக்க ரிமூவ்சஃபிக்ஸ் என்று இரண்டு செயற்கூறுகள் வந்தன. இந்தக் குழப்பத்தில் மாட்டியவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால்தான் அவற்றைச் சேர்த்தார்கள். அவற்றைப் பயன்படுத்துங்கள்.

பிஎச்பியில் இதே பழக்கம் தமிழில் இன்னும் மோசமாக அடிக்கும். அங்கே டிரிம் எழுத்துக் கூட்டத்தைக்கூடப் பார்ப்பதில்லை, பைட் கூட்டத்தைப் பார்க்கிறது. தலைப்பின் இறுதியில் உள்ள முப்புள்ளியை (…) நீக்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8இல் முப்புள்ளி என்பது 226, 128, 166 என்ற மூன்று பைட். தலைப்பு ‘நீ’ என்று முடிந்தால், நெடில் விசிறியின் (ீ) பைட்கள் 224, 175, 128. கடைசி 128 அந்தக் கூட்டத்தில் இருப்பதால் அதை மட்டும் பிய்த்துவிடும். மிஞ்சும் 224, 175 இரண்டும் எந்த எழுத்தும் இல்லை. திரையில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வரும், ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றப்போனால் தோல்வியடையும். இத்தனைக்கும் அந்தத் தலைப்பில் முப்புள்ளியே இருந்திருக்காது. பிஎச்பி 8.4இல் இதற்காகவே எம்பி_டிரிம் வந்திருக்கிறது. லினக்ஸ் கட்டளையான டிஆர்-இன் ஜிஎன்யூ பதிப்பும் பைட் பைட்டாகத்தான் வேலை செய்கிறது, தமிழ் எழுத்தை நீக்க அதை நம்ப வேண்டாம். வரி இறுதியில் வரும் 13ஆம் எண் எழுத்தை நீக்க மட்டும் அது நன்றாக உதவும்.

---

மணற்கடிகை

நான் சி++ ஆள். அங்கேயும் ஒரு பொறி உண்டு. எஸ்டிடி ரிமூவ் என்று பெயர் இருந்தாலும் அது எதையும் நீக்காது. வேண்டியவற்றை முன்னால் நகர்த்திவிட்டுப் புதிய முடிவு எங்கே என்று காட்டும், அவ்வளவுதான். சரத்தின் நீளம் மாறாது, வாலில் பழைய எழுத்துகள் அப்படியே கிடக்கும். இரேஸ் போட்டு வாலை வெட்ட வேண்டும். சி++20இல் இரண்டையும் சேர்த்துச் செய்யும் எஸ்டிடி இரேஸ் வந்தது.

அப்புறம் சுழற்சிக்குள் இருந்துகொண்டே எழுத்தை நீக்குபவர்களுக்கு: ஐந்தாம் இடத்தை நீக்கினால் ஆறாம் இடத்தில் இருந்தது ஐந்துக்கு வந்துவிடும், உங்கள் எண்ணி ஆறுக்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளி இருந்தால் ஒன்று தப்பிவிடும். அதோடு ஒவ்வொரு நீக்கலுக்கும் பின்னால் உள்ள எல்லாம் நகர வேண்டும், நீளமான சரத்தில் நேரம் நீளத்தின் வர்க்கமாக ஏறும். படிக்கும் இடம், எழுதும் இடம் என்று இரண்டு குறி வைத்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டு போவதுதான் சரியான முறை.

---

புள்ளிமான்

பைட்_பார்வை சொன்ன கணக்கை எடுத்தேன். என் கோப்பில் இத்தனை வகை எழுத்து இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

160 ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 8203 ஐந்நூறுக்கு மேல். 65279 மூன்றே மூன்று, மூன்றும் கோப்புகள் தொடங்கும் இடம். மேற்கோள்குறியில் மட்டும் ஆறு வகை. 8204 என்று ஒன்று நாற்பது இடத்தில் வருகிறது, பெயர் ‘சுழிய அகல இணைப்பு நீக்கி’ என்று புரிந்துகொண்டேன். இதை நீக்கலாமா? 3021 எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது, பார்த்தால் அது புள்ளி. முதல் தடவை நான் நீக்கியது அத்தனையும் அதுதான் என்று இப்போது எண்ணாகப் பார்க்கும்போது பதறுகிறது.

இன்னொரு சந்தேகம். ‘கொடி’ என்று ஒரே மாதிரி தெரியும் இரண்டு தலைப்புகளில் ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5. மறைந்த எழுத்து எதுவும் இல்லை.

---

தரவுத்தச்சன்

நீளம் 5 வரும் ‘கொடி’யில் ‘ொ’ என்பது இரண்டு துண்டாக இருக்கிறது: 3014 ஒற்றைக்கொம்பு, 3006 கால். மற்றதில் 3018 என்ற ஒரே குறி. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமானம்தான். எழுத்தை நீக்குவதற்கு முன்பே என்எஃப்சி இயல்பாக்கம் (துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) செய்துவிடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். ஓ, ஔ வரிசைகளுக்கும் அப்படியே.

ஆனால் ஒன்றை அதுவும் சரிசெய்யாது. ‘கௌ’ என்பதற்குப் பதிலாகக் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ தட்டி வைத்திருப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் யூனிகோடைப் பொறுத்தவரை அது எழுத்துப்பிழை, ‘கெள’தான். இதைத் தானாகத் திருத்தவும் கூடாது, ‘கெளுத்தி’ போன்ற சொற்கள் கெட்டுவிடும். ‘ெள’ வரும் தலைப்புகளைத் தனியாகப் பட்டியலிட்டுக் கையால் பாருங்கள்.

8204ஐப் பொறுத்தவரை, தமிழில் அது பெரும்பாலும் ‘க்’கும் ‘ஷ’வும் சேர்ந்து ‘க்ஷ’ ஆகாமல் தடுக்கப் போட்டது. காரணத்தோடு வந்த எழுத்து. பாரசீக மொழியில் எழுத்துக்கூட்டலுக்கே அது தேவை. அதன் தோழன் 8205 இல்லாமல் சிங்களத்தில் ‘ஸ்ரீ’ சரியாக வராது, குடும்பப் பட எமோஜி தனித்தனி முகங்களாகப் பிரிந்துவிடும். காட்டப்போகும் தலைப்பில் இவற்றைத் தொடாதீர்கள். தேடலுக்கான பிரதியில் மட்டும் நீக்குங்கள்.

---

வெண்பலகை

நான் ஒரு யோசனை சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். எழுத்தைத் துண்டாக்கும் என்எஃப்டி இயல்பாக்கம் செய்து, அகலமில்லாச் சேர்குறிகளை நீக்கினால் பிரெஞ்சுத் தலைப்புகளில் உச்சரிப்புக் குறி போய்ச் சாதாரண எழுத்து வரும். தேடுவதற்கு வசதி. இதையும் சேர்த்துவிடலாமே?

---

தரவுத்தச்சன்

லத்தீன் எழுத்தில் மட்டும் என்றால் சரி. தமிழ் வரியில் அதை ஓடவிட்டால் புள்ளியும் நெடில் விசிறியும் அந்த வகையில் சிக்கிக்கொள்ளும், மற்ற குறிகள் தப்பிவிடும். ‘நீர்’ என்பது ‘நர’ ஆகும், ‘நூல்’ என்பது ‘நூல’ ஆகும். பாதி உடைந்து பாதி சரியாக இருப்பதால் கண்டுபிடிக்கவே நாளாகும். முழுவதும் உடைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். இந்த நீக்கலைச் செய்வதாக இருந்தால், அடி எழுத்து லத்தீனா என்று ஒவ்வொரு இடத்திலும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

---

நடுப்பக்கம்

எண் நெடுவரிசைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் கணக்குத் தொகைகளைச் சுத்தம் செய்ய, [^0-9] என்று போட்டு எண்ணல்லாத எல்லாவற்றையும் நீக்கும் ஒரு செயற்கூறை எழுதினேன். 12,500.75 என்ற தொகை 1250075 ஆனது. அதை அன்றே பிடித்துவிட்டோம், தொகை கண்ணுக்கு அடித்தது. தசமப் புள்ளியையும் கழித்தல் குறியையும் விலக்கில் சேர்த்துத் திருத்தினேன். பிடிபடாமல் போனது வேறு. ஒரு கோப்பில் கழித்தல் குறி விசைப்பலகையில் உள்ள 45ஆம் எண் குறியாக இல்லை. 8722 என்ற கணிதக் கழித்தல் குறி. என் செயற்கூறு அதை வேண்டாதது என்று நீக்கியது. திருப்பிக் கொடுத்த தொகைகள் எல்லாம் வரவாக ஏறின. ஒவ்வொரு எண்ணும் பார்க்கச் சரியான எண்ணாகவே இருந்ததால் இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு வார அறிக்கைகளையும் நான் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து எண் நெடுவரிசையில் நான் எதையும் நீக்குவதில்லை. எதிர்பார்க்கும் வடிவத்தை முழுவதுமாகப் பொருத்திப் பார்க்கிறேன்: விரும்பினால் ஒரு கழித்தல் குறி, இலக்கங்கள், விரும்பினால் புள்ளியும் இலக்கங்களும். பொருந்தாத வரியைத் தனிக் கோப்பில் ஒதுக்கி ஒரு மனிதர் பார்க்கும்படி வைக்கிறேன். பத்தாயிரம் வரியில் முப்பது வரி ஒதுங்கினால் அந்த முப்பதையும் படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

புள்ளிமானின் பட்டியலில் பதிப்பாண்டு இருக்கும். பழைய நூல்களில் ஆண்டைத் தமிழ் எண்ணில் தட்டியிருந்தால், பைத்தானின் பேக்ஸ்லாஷ் டி அதையும் எண்ணாக ஏற்கும், முழு எண்ணாக மாற்றவும் முடியும். ஜாவாஸ்கிரிப்டில் அது 0 முதல் 9 வரை மட்டும்தான். ஆனால் பைத்தானில் ‘இஸ்டிஜிட்’ மேலெழுத்து ²ஐயும் ஆம் என்று சொல்லும், மாற்றப்போனால் பிழை வரும். ‘இஸ்டெசிமல்’ வைத்துச் சோதியுங்கள்.

---

கோடைக்காற்று

பயனர்கள் படிவத்தில் தட்டுவதைச் சுத்தம் செய்வதற்கும் இதே முறைதானா? மேற்கோள்குறியை நீக்கிவிட்டால் தரவுதளத்துக்குப் பாதுகாப்பு என்று படித்தேன்.

---

மணற்கடிகை

இல்லை, அதை இதோடு சேர்க்காதீர்கள். மேற்கோள்குறியை நீக்குவது பாதுகாப்பு ஆகாது. பெயரிலேயே ஒற்றை மேற்கோள் உள்ளவர்களின் பெயரைக் கெடுப்பதுதான் மிஞ்சும். தரவுதள வினவலில் மதிப்புகளைத் தனியாக அனுப்பும் வசதி எல்லா நூலகங்களிலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் காட்டும்போது காட்டும் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுங்கள், உள்ளே வரும்போது வெட்டாதீர்கள்.

நீக்குவதால் எப்படிப் பாதுகாப்பு வராது என்பதற்குச் சின்ன உதாரணம். கோப்புப் பாதையில் ‘../’ இருந்தால் மேல் அடைவுக்குப் போய்விடுவார்கள் என்று அதை நீக்குகிறீர்கள். ஒருவர் ‘....//’ என்று அனுப்புகிறார். நடுவில் உள்ள ‘../’ போனதும் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு மறுபடி ‘../’ உருவாகிவிடும். நீக்கியதே அதை உருவாக்கிக் கொடுத்துவிட்டது.

---

பைட்_பார்வை

இந்த உதாரணத்திலிருந்து புள்ளிமானுக்கும் ஒரு சோதனை கிடைக்கிறது. சுத்தம் செய்த சரத்தை அதே செயற்கூறுக்குள் மறுபடி கொடுங்கள். எதுவும் மாறக்கூடாது. மாறினால் படிகளின் வரிசையில் ஏதோ தவறு. என் அனுபவத்தில் இந்த ஒரு சோதனை பிடித்த அளவுக்கு வேறெதுவும் பிடித்ததில்லை.

---

தரவுத்தச்சன்

சரி, புள்ளிமானின் வேலைக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். தமிழில் படியாகத் தருகிறேன், பைத்தானில் மாற்ற உங்களுக்குச் சிரமம் இருக்காது.

மூலத் தலைப்பு = வந்தது வந்தபடி, தொடக்கூடாது
சரம் = மூலத் தலைப்பின் என்எஃப்சி வடிவம்
விடை = வெற்றுப் பட்டியல்
சரத்தின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும்:
 173, 8203, 8204, 8205, 65279 இவற்றில் ஒன்று என்றால்: விட்டுவிடு
 எழுத்து, சேர்குறி, எண் வகை என்றால்: விடையில் சேர்
 வேறு எது என்றாலும்: விடையில் ஓர் இடைவெளி சேர், நீக்கியதைக் கணக்கில் குறி
தேடல் வடிவம் = விடையை ஒன்றாக்கி, இடைவெளியில் பிரித்து, ஒற்றை இடைவெளியால் இணைத்தது

இதில் இரண்டு இடத்தை விளக்க வேண்டும். நிறுத்தற்குறியை வெறுமையாக்காமல் இடைவெளியாக மாற்றுகிறேன். ‘கதை,கவிதை’யில் காற்புள்ளியை வெறுமனே நீக்கினால் ‘கதைகவிதை’ என்று இல்லாத சொல் பிறக்கும், ‘கவிதை’ என்று தனிச்சொல்லாகத் தேடுபவருக்கு அது கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஐந்துக்கு இது பொருந்தாது. அவை சொல்லுக்கு நடுவில் வருபவை, இடைவெளியாக மாற்றினால் சொல் இரண்டாக உடையும்.

இரண்டாவது, பைத்தானில் ஸ்ப்ளிட்டுக்கு உள்ளீடு எதுவும் கொடுக்காமல் அழைத்தால் எல்லா யூனிகோட் இடைவெளியிலும் பிரிக்கும், வெற்றுத் துண்டுகளையும் தராது. முன், பின், நடு என மூன்று இடத்து மிகுதி இடைவெளியும் அதிலேயே தீர்ந்துவிடும்.

தோற்றத்தில் வேறுபடும் எழுத்துகளையும் சாதாரண வடிவமாக்கும் என்எஃப்கேசி இயல்பாக்கத்தை வேண்டுமென்றே தவிர்த்தேன். அது முழு அகல எழுத்துகளை ஒழுங்குபடுத்தும், ஆனால் 10² என்பதை 102 ஆக்கிவிடும். கணித நூல் தலைப்பில் அது பிழை.

---

நடுப்பக்கம்

எல்லா நிறுத்தற்குறிக்கும் இடைவெளி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத் தலைப்பில் சொல்லுக்கு நடுவே வரும் ஒற்றை மேற்கோள் இடைவெளியானால் ஓர் எழுத்து மட்டும் தனியே தொங்கும். எழுத்துக்கு இரு பக்கமும் எழுத்து இருக்கும்போது வரும் ஒற்றை மேற்கோளை வெறுமையாக்கலாம். சி++ என்று தலைப்பில் வந்தால் கூட்டல் குறி போய் வெறும் சி ஆகிவிடும், அதையும் விலக்கில் வைக்க வேண்டும்.

---

தரவுத்தச்சன்

ஒற்றை மேற்கோள் பற்றி நீங்கள் சொல்வது சரி, சேர்த்துக்கொள்ளலாம். வளைந்த மேற்கோள் 8217ஐயும் அதே விதியில் வைக்க வேண்டும், வலைப்பக்கங்களில் பெரும்பாலும் அதுதான் வரும். கூட்டல் குறியைப் புள்ளிமானின் கணக்கு அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யலாம். தரவில் இல்லாததற்கு விதி எழுத வேண்டியதில்லை.

---

புள்ளிமான்

எழுதி ஓட்டிவிட்டேன். மூலத் தலைப்பு தனி நெடுவரிசை, தேடல் வடிவம் தனி நெடுவரிசை. இரண்டாம் முறை ஓட்டியதில் ஒரு வரிகூட மாறவில்லை.

கூட்டல் குறி ஏழு தலைப்பில் இருந்தது, ஏழும் கணினி நூல்கள், விலக்கில் சேர்த்துவிட்டேன். ‘ெள’ பட்டியலில் பத்தொன்பது தலைப்பு, பதினான்கு உண்மையிலேயே தட்டச்சுப் பிழை, கையால் திருத்தினேன். ஒரே தேடல் வடிவம் வந்த தலைப்புகளைத் தானாகச் சேர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே நூல்தான். நான்கு இணை மட்டும் வெவ்வேறு ஆசிரியர்கள் ஒரே பெயரில் எழுதியவை, அவற்றைப் பிரித்தே வைத்துவிட்டேன்.

ஒரு கோப்பில் மட்டும் இன்னும் சிக்கல். தலைப்புகள் முழுவதும் மேற்கோடு போட்ட லத்தீன் எழுத்தும் (à) ® குறியும் மாறி மாறி வருகின்றன. இவற்றையும் நீக்கும் பட்டியலில் சேர்க்கவா?

---

பைட்_பார்வை

சேர்க்காதீர்கள்! அதுதான் உங்கள் தமிழ். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. அதை யாரோ லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறிமுறை) என்று தவறாக வாசித்துச் சேமித்திருக்கிறார்கள். 224 என்பது மேற்கோடு போட்ட எழுத்தாகவும், 174 என்பது ® ஆகவும் தெரிகிறது. அந்தச் சரத்தை லத்தீன்-1 முறையில் பைட்களாக மாற்றி, அந்தப் பைட்களை யூடிஎஃப்-8 என்று மறுபடி வாசியுங்கள். லத்தீன்-1 பிழை சொன்னால் விண்டோஸ்-1252 முயன்று பாருங்கள். ஒரு எழுத்தும் இழக்காமல் மீண்டால் நல்லது, சில வரிகள் மீளாவிட்டால் மூலக் கோப்பைத் தேட வேண்டியிருக்கும். எதுவானாலும் அதை முடித்தபிறகுதான் சுத்தம் செய்யும் செயற்கூறுக்குள் அனுப்ப வேண்டும்.

---

புள்ளிமான்

லத்தீன்-1 வேலை செய்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள், அத்தனையும் தமிழில் திரும்பி வந்துவிட்டன. முதலில் நினைத்தபடி அந்தக் குறிகளை நீக்கியிருந்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு தலைப்புகளும் மீட்க முடியாதபடி சிதைந்திருக்கும்.

‘கண்ணீர்’ என்று தேடிப் பார்த்தேன், மூன்று நூல்கள் வந்தன. ‘பாடம்’ என்று தேடினால் பாடம் மட்டும் வருகிறது. எல்லோருக்கும் நன்றி. செயற்கூறை முழுதாக இங்கே இன்று மாலை பதிவிடுகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.